பிரேக்கை வழியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த ஸ்டீயரிங்

1989-இல் அட்டாரி கேம்ஸ் நிறுவனம் ‘ஹார்ட் டிரைவின்’ என்ற கார் விளையாட்டு எந்திரத்தை வெளியிட்டது. கலிஃபோர்னியாவில் மில்பிடாஸ் என்ற ஊரில் உருவானது. காசு போட்டு ஆடுகிற எந்திரம்தான். ஆனால் ஏறி உட்கார்ந்ததும் ஓட்டிவிட முடியாது. முதலில் சீட்டை முன்னே பின்னே நகர்த்திக் காலுக்குத் தோதாக வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் சாவியைத் திருகி வண்டியைக் கிளப்ப வேண்டும். காலடியில் ஆக்சிலரேட்டர், பிரேக், கிளட்ச் மூன்றும் உண்டு. கைப்பக்கத்தில் நான்கு கியர். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு மோட்டார் இருந்தது. திரையில் வண்டி வளைவில் திரும்பும்போது அது கையை எதிர்த்துத் தள்ளும்.

பாதையில் வண்டி தலைகீழாகச் சுற்றி வரும் வளையம் ஒன்று இருந்தது. திறந்து கிடக்கும் பாலத்தைத் தாண்டிக் குதிக்கலாம். ஓரத்தில் நிற்கும் மாட்டை இடித்தால் கத்தும். இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துச் சின்னப் பிள்ளைச் சமாசாரம் என்று எண்ணிவிடக் கூடாது. வண்டி எப்படி நகர வேண்டும் என்ற கணக்குக்கு ஆலோசனை சொன்னவர் டக் மில்லிகன். ரேஸ் கார் இயக்கவியல் பற்றி அப்பா வில்லியம் மில்லிகனோடு சேர்ந்து அவர் எழுதிய புத்தகம் 1995-இல் வந்தது. அந்தத் துறைப் பொறியாளர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். கேமின் பெயர்ப் பட்டியலில் அவரை ‘டெஸ்ட் டிரைவர்’ என்று போட்டிருந்தார்கள்.

எனக்கு அந்த எந்திரத்தில் ஸ்டீயரிங்கைவிடப் பெரிய அதிசயம் பிரேக். உட்கார்ந்து ஓட்டும் அந்தப் பெரிய வகையில், பிரேக் பெடல் எவ்வளவு தூரம் கீழே போனது என்று எந்திரம் பார்க்கவில்லை. எவ்வளவு பலமாக மிதித்தார்கள் என்று அளந்தது. பெடலோடு சேர்ந்த உலோகத்தில் ‘ஸ்ட்ரெயின் கேஜ்’ ஒட்டியிருந்தது. மெல்லிய மின்கம்பியை உலோகத்தின் மேல் ஒட்டிவிட்டால், உலோகம் மயிரிழை வளைந்தாலும் கம்பியின் மின்தடை மாறும். அந்த மாற்றத்திலிருந்து விசையைக் கணக்கிடலாம். 1938-இல் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் தனித்தனியே கண்டுபிடித்த உத்தி இது. இன்று மளிகைக்கடை எலெக்ட்ரானிக் தராசில் பருப்பை நிறுப்பதும் இதேதான்.

நிஜக் காரிலும் பிரேக் அப்படித்தான். மிதித்தவுடன் பெடல் கொஞ்சம் இறங்கும். பிரேக் பேட் டிஸ்க்கைத் தொட்டபின் பெடல் அதிகம் நகராது. அதற்கு மேல் வண்டி எவ்வளவு சீக்கிரம் நிற்கும் என்பது காலின் அழுத்தம் பிரேக் ஆயிலில் உண்டாக்கும் அழுத்தத்தைப் பொறுத்தது. அவசரத்தில் ஓட்டுநரின் கால் நினைவில் வைத்திருப்பது தூரத்தை அல்ல, பலத்தை. அட்டாரிக்காரர்கள் இதை 1989-இலேயே புரிந்துகொண்டு செய்துவிட்டார்கள். அதன்பின் ஸ்டீயரிங்கும் பெடலும் வீட்டு மேஜைக்கு இடம் பெயர்ந்தபோது, கையைத் தள்ளும் மோட்டார் கூடவே வந்தது. காலை அளக்கும் பிரேக் வரவில்லை. அது வீடு வந்து சேர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இன்றைக்கு ரேஸ் கேமுக்காக ஸ்டீயரிங் வாங்கப் போகிறவர் கடையில் படும் குழப்பத்தில் பாதி, வழியில் நடந்த இந்த விபத்தால் வந்தது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். திரையில் ஓடும் காருக்கு ஸ்டீயரிங், பெடல், கியர் மூன்றையும் சேர்த்து வைத்த முதல் வீடியோ கேம் என்று சொல்லப்படுவது அட்டாரியின் ‘கிரான் டிராக் 10’. ஆண்டு 1974. பெடல் இரண்டுதான், கிளட்ச் இல்லை. பாதையை மேலிருந்து பார்க்க வேண்டும். கார் ஒரு சின்னப் பொட்டு. நன்றாக விற்றது, ஆனால் அட்டாரிக்குப் பெருத்த நஷ்டம். கணக்குப் பிழையால் 1,095 டாலர் செலவு பிடிக்கும் எந்திரத்தை 995 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். விற்க விற்க நஷ்டம் ஏறியது.

1976-இல் வந்த ‘நைட் டிரைவர்’ இருட்டுச் சாலையில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கம்பங்கள் மட்டும் தெரிகிற விளையாட்டு. ஓட்டும் கார்கூடத் திரையில் வரையப்பட்டது அல்ல, மேலே ஒட்டிய படம். 1982-இல் நாம்கோவின் ‘போல் பொசிஷன்’ ஜப்பானின் ஃபூஜி ரேஸ் பாதையைக் கொண்டுவந்தது. 1986-இல் செகாவின் ‘அவுட் ரன்’ வந்தது. யூ சுசூகி செய்தது. மோதினால் ஸ்டீயரிங் அதிரும். அதிர்வதும் தள்ளுவதும் வேறு வேறு என்பதை வாங்குகிறவர் இங்கேயே மனதில் குறித்துக்கொள்ளலாம். அதிர்வு என்றால் உள்ளே ஒரு சின்ன மோட்டார் கிறுகிறுக்கிறது, அவ்வளவுதான். டயர் என்ன செய்கிறது என்று அது சொல்லாது. இன்றும் மலிவு விலையில், பெட்டியின் மேல் ‘வைப்ரேஷன்’ என்று பெரிதாக அச்சிட்டு விற்கும் ஸ்டீயரிங்குகள் இந்த வகைதான். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு கிறுகிறுப்பு. ஆறு வயதுப் பிள்ளைக்கு அதுவே போதும். மற்றவர்கள் அந்தக் காசைச் சேர்த்து வைப்பது நல்லது.

வீட்டுக்குள் முதலில் வந்தது ஸ்டீயரிங்கே அல்ல. 1977-இல் அட்டாரி 2600-உடன் ஆட ‘இண்டி 500’ கேமோடு கொடுத்தது முடிவில்லாமல் சுற்றும் ஒரு திருகு. முழு வட்ட ஸ்டீயரிங்கும் பெடலுமாகக் கணினிக்கு வந்தது தொண்ணூறுகளில். அமெரிக்காவின் ஆரிகனில் பிறந்த திரஸ்ட்மாஸ்டர் இதில் முன்னோடி. அப்போதைய ஸ்டீயரிங்கைத் திருப்பி விட்டால் அதை நடுவுக்கு இழுத்து வந்தது இறுக்கிக் கட்டிய ரப்பர் கயிறு. நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் நின்றாலும் அதே இழுவை. சாலைக்கும் கைக்கும் சம்பந்தம் கிடையாது. 1999-இல் அந்தக் கம்பெனியின் பெயரையும் தொழிலையும் பிரான்ஸின் பிரிட்டனி பகுதியைச் சேர்ந்த கில்லெமோ நிறுவனம் வாங்கியது.

மோட்டார் வீட்டுக்கு வரக் காரணம் இரண்டு. 1993-இல் லூயி ரோசன்பர்க் தொடங்கிய இம்மெர்ஷன் என்ற கம்பெனி, தொட்டால் எதிர்த்துத் தள்ளும் கருவிகளுக்கான உத்திகளுக்குக் காப்புரிமை வாங்கிக் குவித்தது. 1997-இல் மைக்ரோசாஃப்ட் தன் டைரக்ட்எக்ஸ் மென்பொருளில், கேம்கள் இந்த விசையைக் கருவிக்கு அனுப்புவதற்கு ஒரு பொது வழி வைத்தது. அடுத்தடுத்து மைக்ரோசாஃப்டின் ‘சைட்விண்டர்’ ஸ்டீயரிங்கும், சுவிட்சர்லாந்தில் பிறந்த லாஜிடெக் கம்பெனியின் ‘விங்மேன் ஃபார்முலா ஃபோர்ஸ்’ ஸ்டீயரிங்கும் வந்தன. மேஜை விளிம்பில் கவ்வி வைத்து இறுக்கினால் போதும். பெடல் பெட்டி தரையில் கிடக்கும்.

எதற்காக இந்த விசை? முன்டயர் திரும்பும்போது சாலையைத் தொடும் பகுதியில் பக்கவாட்டு விசை பிறக்கிறது. அது டயரின் நடுவில் அல்லாமல் சற்றுப் பின்னால் தள்ளி வேலை செய்வதால், சக்கரத்தை நேராக்கப் பார்க்கும். அதுதான் கையில் கனமாகத் தெரிவது. டயர் தன் பிடிமானத்தின் எல்லையை நெருங்கும்போது அந்த இடம் முன்னால் நகர்ந்துவிடும். அதனால் டயர் வழுக்கத் தொடங்கும் முன்பே ஸ்டீயரிங் கையில் லேசாகிவிடும். ஓட்டத் தெரிந்தவர் கண்ணால் பார்ப்பதற்கு முன் கையால் இதைப் படித்துவிடுவார். ரப்பர் கயிற்றில் இது வராது. அதிர்வில் இது வராது. மோட்டார் வேண்டும், அந்த மோட்டார் தள்ளுவதைக் குறைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். தள்ளும் பலத்தை வைத்து மட்டும் ஸ்டீயரிங்கை எடை போடுகிறவர்கள் இதைத் தவற விடுகிறார்கள்: நல்ல சேதி எப்போதும் விசை குறைகிற இடத்தில்தான் இருக்கிறது.

லாஜிடெக்கின் நல்ல காலம் சோனியோடு வந்தது. ‘கிரான் டூரிஸ்மோ 3’ ரேஸ் கேம் 2001-இல் வெளியானபோது பிளேஸ்டேஷன் 2-க்கு ஒரு ஸ்டீயரிங் செய்து கொடுத்தார்கள். அடுத்த பதிப்பின் காலத்தில் வந்த ‘டிரைவிங் ஃபோர்ஸ் புரோ’ 900 டிகிரி திரும்பியது, அதாவது இரண்டரைச் சுற்று. அதுவரை பெரும்பாலான வீட்டு ஸ்டீயரிங்குகள் முக்கால் சுற்றுக்கு மேல் திரும்பவில்லை. 2006-இல் ஜி25. தோல் சுற்றிய சக்கரம், இரும்பு முகமுள்ள மூன்று பெடல், ஆறு கியர் போடும் தனிப் பெட்டி. 1989-இல் கேம் சென்டரில் இருந்த கிளட்ச் பதினேழு ஆண்டு கழித்து வீட்டுக்கு வந்தது. பிறகு ஜி27, 2015-இல் ஜி29, 2020-இல் ஜி923. பெயர் மாறியதே தவிர உள்ளே ஒரே குடும்பம்.

ஒரு ஜி29-இன் மூடியைக் கழற்றினால் இரண்டு சிறிய மோட்டார்கள் தெரியும். அவற்றின் முனையிலுள்ள சின்னப் பல்சக்கரம் ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. சின்ன மோட்டாரின் பலத்தைப் பெருக்க இதுதான் மலிவான வழி. விலை: பல்லுக்கும் பல்லுக்கும் இடையே மயிரிழை இடைவெளி. நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கின் நடுப்புள்ளியில் கொஞ்சம் தொளதொளப்பு இருக்கும். கரடுமுரடான பாதையில் கடகடவென்று சத்தம் வரும். ஜி25-இல் நேர்ப்பல். ஜி27-இல் சாய்வுப்பல் வைத்துச் சத்தத்தைக் குறைத்தார்கள், ஆனால் ஒழிக்கவில்லை. இரவில் பக்கத்து அறையில் ஆள் தூங்கினால் மறுநாள் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். ஆனாலும் இந்தக் குடும்பம் உழைக்கும். பத்து வருடம் ஓடிய ஜி27-கள் இன்றும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. இவற்றுக்கு வரும் பெரிய வியாதி ஒன்றுண்டு. மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று எண்ணும் சின்னப் பிளாஸ்டிக் சக்கரம் விரிசல் விட்டால், ஸ்டீயரிங்கின் நடுப்புள்ளி ஓட ஓட நழுவிப் போகும்.

இப்போது பெடல் பெட்டி. ஆக்சிலரேட்டர், பிரேக், கிளட்ச் மூன்றிலும் இருப்பது பொட்டன்ஷியோமீட்டர். பழைய ரேடியோவில் சத்தம் கூட்டக் குறைக்கத் திருகுவோமே, அதே பாகம். பெடல் இறங்கினால் அது சுழலும். எவ்வளவு சுழன்றது என்பதை வைத்துப் பெடலின் தூரம் தெரியும். தூரம் மட்டுமே தெரியும். ரேடியோவில் தூசி படிந்தால் கரகரப்பது மாதிரி இங்கேயும் படியும்; அப்போது பெடலைத் தொடாமலே திரையில் பிரேக் விளக்கு விட்டுவிட்டு எரியும். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சரியாகும், கொஞ்ச நாளைக்கு.

லாஜிடெக்காரர்களுக்குப் பிரேக்கின் குறை தெரியாமல் இல்லை. ஜி29-இன் பிரேக் ஸ்பிரிங்குக்குள் ஒரு ரப்பர்க் கட்டையை வைத்தார்கள். பாதி தூரம் போனதும் ரப்பரில் மோதி, அதற்கு மேல் அழுத்தினால்தான் இறங்கும். நிஜ பிரேக்கின் பாசாங்கு. கால் பலத்தைக் கொடுக்கிறது, எந்திரம் தூரத்தைத்தான் படிக்கிறது. முழு பிரேக் எட்ட ரொம்ப மிதிக்க வேண்டியிருக்கிறது என்று பலர் அந்த ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மிதித்தால் பெடல் பெட்டியே வழவழப்பான டைல்ஸ் தரையில் பின்னோக்கி ஓடும். பெட்டியைச் சுவரில் முட்டுக் கொடுத்தால் உட்கார்ந்திருக்கும் சக்கரம் வைத்த நாற்காலி ஓடும்.

பிரேக் வழியில் தொலைந்த காரணமும் இதுதான். கேம் சென்டர் எந்திரத்தில் சீட்டும் பெடலும் ஸ்டீயரிங்கும் ஒரே உடம்பு. ஐம்பது கிலோ பலத்தில் மிதித்தாலும் சீட்டின் முதுகு தாங்கிக்கொள்ளும். வீட்டுக்கு வந்தபோது அந்த உடம்பு வரவில்லை. கை மட்டும் மேஜையில் ஏறியது, கால் தரையில் அநாதையாகக் கிடந்தது. தாங்க ஆள் இல்லாதபோது பலத்தை அளக்கும் பிரேக்கை யாரும் விற்க முடியாது. சென்சாரின் விலை மட்டும் காரணம் இல்லை. நாற்காலிதான் முதல் காரணம்.

ஸ்டீயரிங் பக்கம் போட்டி சூடு பிடித்தது. திரஸ்ட்மாஸ்டர் பல்சக்கரத்துக்குப் பதிலாகப் பெல்ட் போட்டது. 2011-இல் டி500, 2014-இல் டி300. பெல்ட் மெதுவாக, மென்மையாக இழுக்கும். கடகட சத்தம் இல்லை. நீண்ட நேரம் ஓட்டினால் மோட்டார் சூடேறும். அதற்காக உள்ளே விசிறி வைத்திருக்கிறார்கள். இதற்கிடையில் ஆர்வலர்கள் தொழிற்சாலை சர்வோ மோட்டாரின் தண்டிலேயே ஸ்டீயரிங்கை நேராக மாட்டிப் பார்த்தார்கள். பல்லும் இல்லை, பெல்ட்டும் இல்லை. இதைத்தான் டைரக்ட் டிரைவ் என்கிறோம். ஃபின்லாந்தின் கிரானைட் டிவைசஸ் இதை ‘சிம்யூகியூப்’ என்ற பெயரில் வியாபாரமாக்கியது. ஜெர்மனியில் லான்ட்ஷூட் ஊரின் எண்டார் கம்பெனி தன் ‘ஃபனாடெக்’ பெயரில் 20 நியூட்டன் மீட்டர் பலமுள்ள ‘போடியம்’ வகையை விற்றது. 2021-இல் அதே கம்பெனி ‘சிஎஸ்எல் டிடி’யை 350 டாலருக்கு இறக்கியபோதுதான் சாதாரண ஆட்கள் பக்கம் இது வந்தது. அந்த விலைக்கு வெறும் மோட்டார் பெட்டிதான் கிடைத்தது. சக்கரம், பெடல் எல்லாம் தனிக்காசு. விளம்பரத்தில் இந்த வரி எப்போதும் சின்ன எழுத்தில் இருக்கும். 2022-இல் லாஜிடெக்கும் 11 நியூட்டன் மீட்டரில் ‘ஜி புரோ’ கொண்டுவந்தது. சீனாவிலிருந்து மோசா, சிமாஜிக் கம்பெனிகள் வந்து விலையை மேலும் இறக்கின.

இந்த நியூட்டன் மீட்டர் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டால் கடைக்காரரிடம் ஏமாற வேண்டியதில்லை. ஜி29 கொடுப்பது ஏறத்தாழ 2. சக்கரத்தின் ஆரம் 13 சென்டிமீட்டர் போல என்று வைத்தால், விளிம்பில் கைக்கு வருவது ஒன்றரைக் கிலோ எடை. 8 நியூட்டன் மீட்டர் என்றால், சற்றுப் பெரிய சக்கரத்தில், ஐந்தரைக் கிலோ. 20 என்றால் பதின்மூன்று கிலோவுக்கு மேல். மோதலில் கட்டை விரல் கம்பிகளுக்கு நடுவே மாட்டினால் வலி உறுதி. 5-லிருந்து 8 வரை இருந்தால் மேலே சொன்ன ‘லேசாகும்’ சேதி தெளிவாகக் கையில் படும். அதற்கு மேல் போவது தோள் பயிற்சிக்கு நல்லது.

இதெல்லாம் பொம்மைக்கான கணக்கு அல்ல. 2008-இல் நிசானும் சோனியும் ‘ஜி.டி. அகாடமி’ என்று ஒரு போட்டி வைத்தார்கள். கிரான் டூரிஸ்மோவில் வேகமாக ஓட்டுகிறவரை நிஜ ரேஸ் காரில் உட்கார வைப்பது திட்டம். முதல் முறை ஜெயித்த ஸ்பெயின்காரர் லூகாஸ் ஓர்டோன்யெஸ் 2011-இல் லெ மான் 24 மணிப் போட்டியில் தன் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்த அணியில் ஓட்டினார். அதன்பின் இந்தச் சாமானை யாரும் பொம்மை என்று சொல்லவில்லை. 2020 ஊரடங்கில் ஃபார்முலா 1 பந்தயங்கள் நின்றபோது, நிஜ ஓட்டுநர்களே வீட்டில் உட்கார்ந்து திரையில் பந்தயம் ஓட்டினார்கள். கடைகளில் ஸ்டீயரிங் கிடைக்காமல் போனது.

பிரேக் திரும்பி வந்த கதைக்கு ஆரவாரம் கிடையாது. லோட் செல் என்ற பெயரில் அது வந்தது. உள்ளே அதே ஸ்ட்ரெயின் கேஜ்தான். முதலில் சில சிறு பட்டறைக்காரர்கள் இரும்பில் செய்து விற்றார்கள். நெதர்லாந்தின் ஹாய்சின்க்ஃபெல்ட் போன்றவர்கள் அதைக் கனமான, விலை உயர்ந்த சாமானாக்கினார்கள். ஃபனாடெக் தன் ‘கிளப்ஸ்போர்ட்’ பெடலில் வைத்தது. 2020-இல் திரஸ்ட்மாஸ்டர் ‘டி-எல்சிஎம்’ பெடலில் நூறு கிலோ வரை அளக்கும் செல்லைப் போட்டது. லாஜிடெக் 2022-இல் ஜி புரோ பெடலில் அதையே செய்தது. ஃபார்முலா 1 ஓட்டுநரின் கால் நூறு கிலோவைத் தாண்டி மிதிக்கும். வீட்டில் அவ்வளவு தேவையில்லை. மென்பொருளில் முப்பது, நாற்பது கிலோவை முழு பிரேக் என்று வைத்துக்கொள்ளலாம்.

லோட் செல்லால் சுற்று நேரம் குறையுமா? முதல் இரண்டு நாள் கூடும். அதற்குப் பிறகு நிதானம் வரும், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒரே அளவு பிரேக். வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கை ஒரேயடியாக விடாமல், ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்பக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது ரேஸ் ஓட்டுநர்களின் அடிப்படை வித்தை. பிரேக் பிடித்திருக்கும் வரை வண்டியின் எடை முன்டயர்களில் இருக்கும். எடை இருக்கும் வரை அவை நன்றாகத் திரும்பும். இதைத் தூரம் அளக்கும் பெடலில் செய்ய முடியாது என்றில்லை, செய்கிற ஆட்களும் உண்டு. ஆனால் கணுக்காலை இத்தனை மில்லிமீட்டர் என்று பழக்குவது கஷ்டம். இவ்வளவு அழுத்தம் என்று பழக்குவது சுலபம். வேகம் வளைவின் நடுவில் பிறப்பதாகத்தான் எல்லாரும் நினைக்கிறோம். அது பிறக்கும் இடம் அதற்கு முந்தைய பிரேக். ஆகவே என் தீர்ப்பு: காசு அளவோடு இருந்தால் சுமாரான ஸ்டீயரிங்கும் நல்ல பிரேக்கும் வாங்குங்கள். நல்ல ஸ்டீயரிங்கும் சுமாரான பிரேக்கும் வாங்கியவர் சீக்கிரம் இன்னொரு முறை கடைக்கு வருவார்.

அதற்கு முன் நாற்காலி. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் லோட் செல் வேலை செய்யாது. மிதித்தால் நீங்கள்தான் பின்னால் போவீர்கள். விலை உயர்ந்த அலுமினியச் சட்டம் எல்லாருக்கும் வேண்டியதில்லை. தச்சரிடம் சொல்லி ஒரு கனமான பிளைவுட் பலகை வெட்டி வாங்கி, முன்னால் பெடலைப் போல்ட் போட்டு முடுக்கி, பின்னால் நாற்காலியின் கால்களை எல்-ஆங்கிள் வைத்து அதே பலகையில் பிணைத்துவிட்டால் போதும். நாற்காலிக்கு நான்கு கால் இருக்க வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், முதுகுப்பக்கம் வளையும். கேம் சென்டர் எந்திரத்திலிருந்து பிரிந்து வந்த உடம்பை இப்படித்தான் திரும்ப ஒட்ட வேண்டும்.

ரேஸ் ஓட்டாதவர்கள் கணக்கு வேறு. நம்மூரில் ஸ்டீயரிங் வாங்குகிறவர்களில் ஒரு பெருங்கூட்டம் ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’-இல் அரசு பஸ் வண்ணம் பூசிய பஸ்ஸை ஓட்டத்தான் வாங்குகிறது. அவர்களுக்கு லோட் செல் தேவையில்லை, எட்டு நியூட்டன் மீட்டரும் தேவையில்லை. 900 டிகிரி திரும்ப வேண்டும், கிளட்ச் வேண்டும், கியர் பெட்டி வேண்டும். ஜி29-ஓடு கியர் பெட்டி வராது, தனியாக வாங்க வேண்டும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் இரண்டு துடுப்பில் கியர் மாற்றி மலைப்பாதையில் பஸ் ஏற்றுவதில் ஒரு சுகமும் கிடையாது.

எதில் ஆடுகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஜி29 பிளேஸ்டேஷனுக்கும் கணினிக்கும்; ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கும் கணினிக்கும். உள்ளே மோட்டாரும் பல்சக்கரமும் ஒரே மாதிரி. ஆனால் ஒன்றை மற்றொன்றின் கன்சோலில் செருகினால் கேம் பேசாது. இதில் பொறியியல் எதுவும் இல்லை, உரிமத் தகராறுதான். கணினியில் மட்டும் ஆடுகிறவருக்கு இந்தத் தலைவலி இல்லை. ஒரு கம்பெனியின் ஸ்டீயரிங்கும் இன்னொரு கம்பெனியின் பெடலும் இரண்டு யுஎஸ்பி வழியாகச் சேர்ந்து ஓடும். கன்சோலில் பெடல் பெரும்பாலும் அதே ஸ்டீயரிங் பெட்டி வழியாகத்தான் போக வேண்டும்.

கம்பெனியின் ஆயுளையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஃபனாடெக்கின் தாய்க் கம்பெனி எண்டார் 2024-இல் திவாலானது. அதே ஆண்டு கோர்சேர் நிறுவனம் அந்தத் தொழிலை வாங்கிக்கொண்டதால் பெயர் பிழைத்தது. உதிரிப் பாகம் ஊரில் கிடைக்காத சாமானை, எவ்வளவு நல்லதாக இருந்தாலும், முதல் ஸ்டீயரிங்காக வாங்க வேண்டாம்.

முதல் ஸ்டீயரிங் பழையதாக இருந்தாலே நல்லது. ஜி27, ஜி29, டி300 மூன்றும் தாராளமாகக் கை மாறுகின்றன. விற்பவர் வீட்டுக்கே போய்க் கணினியில் மாட்டச் சொல்லுங்கள். மின்சாரம் வந்ததும் ஸ்டீயரிங் தானாக இரண்டு பக்கமும் கடைசி வரை திரும்பி நடுவுக்கு வந்து நிற்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் அந்த எண்ணும் சக்கரத்தில் விரிசல் இருக்கலாம். பிறகு கேம் வேண்டாம், பெடல் அளவு காட்டும் அமைப்புத் திரையைத் திறக்கச் சொல்லிப் பிரேக்கை மெதுவாக, மிக மெதுவாக மிதித்து விடுங்கள். திரையில் கோடு நடுங்காமல் ஏறி இறங்க வேண்டும். நடுங்கினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், வேண்டாம் என்று எழுந்துவிடாதீர்கள். அந்தப் பெடலைத்தான் எப்படியும் முதலில் மாற்றப் போகிறீர்கள்.